கடல் கடக்குமுன் ஏற்ற மூன்று விரதங்கள்

நம் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது இன்று அரிய செய்தியன்று. புறப்படும் நாள் நெருங்க நெருங்க வீடு முழுவதும் பரபரப்பு நிறைந்துவிடுகிறது. பெட்டியின் எடையைப் பார்ப்பதும், ஊறுகாயையும் பருப்புப் பொடியையும் கட்டி வைப்பதும், கம்பளி ஆடைகளைத் தேடி வாங்குவதும், சான்றிதழ்களை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பதுமாகக் கடைசி நாட்கள் கழிகின்றன. இத்தனைக்கும் நடுவே வாய் திறவாமல் ஒரு கவலையைச் சுமந்து நிற்பவள் தாய். போகும் இடத்தில் என் பிள்ளை எதை உண்பான், எவரோடு பழகுவான், நம் ஒழுக்கம் அவனோடு நிலைக்குமா என்பதே அவள் கவலை.

இதே கவலை 1888 ஆம் ஆண்டு கத்தியவாரில் உள்ள ராஜ்கோட் நகரில் ஒரு தாயின் உள்ளத்தை வாட்டியது. அக்கவலையைத் தீர்த்து வைத்தவர் ஒரு சமண முனிவர். அன்று கடல் கடந்த பிள்ளை, பின்னாளில் உலகம் போற்றும் அண்ணல் காந்தியடிகளாக உயர்ந்தார். அவருடைய வரலாற்றை அறியாதார் இலர். எனினும் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அந்த நான்கைந்து மாதங்களை மட்டும் எடுத்து நம் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர் கொண்டு சென்ற பொருள்களில் எவை வழியிலேயே தீர்ந்தன, எது இறுதிவரை உடன் நின்றது என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

குடிப்பிறப்பும் சூழலும்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் போர்பந்தரிலும் பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாக விளங்கியவர். குடும்பம் வைணவ நெறியைச் சார்ந்தது. ஆயினும் சமண முனிவர்கள் அவ்வீட்டிற்கு அடிக்கடி எழுந்தருளி, சமணர் அல்லாத அவர்கள் அளித்த ஆகாரத்தையும் ஏற்று, தந்தையாரோடு அறநெறி குறித்தும் உலகியல் குறித்தும் உரையாடி மகிழ்ந்தனர். குஜராத்தில் அந்நாளில் வைணவரும் சமணரும் புலால் மறுத்தலில் ஒரே உறுதியுடையவராய் இருந்தனர்.

அன்னையார் புத்லிபாய் நோன்பே வாழ்வாகக் கொண்டவர். மழைக்காலமாகிய சாதுர்மாசத்தில் ஒரு வேளை உண்டு வாழ்வது அவருக்கு இயல்பான வழக்கம். ஒருமுறை, கதிரவனைக் கண்ட பின்னரே உண்பதென்று அவர் நோன்பு பூண்டார். மேகம் மூடிய நாட்களில் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பர். கதிரவன் சற்றே முகம் காட்டியதும் ஓடிச் சென்று அன்னையை அழைப்பர். அவர் வெளியே வருவதற்குள் அது மறைந்துவிடும். இறைவன் இன்று உணவை விரும்பவில்லை போலும் என்று மகிழ்வோடு சொல்லித் தம் கடமைகளைக் கவனிக்கச் சென்றுவிடுவார். கதிரவன் இருக்கையில் உண்ணும் நெறியை வழிவழியாகப் போற்றிவரும் நம் குடும்பங்களுக்கு அந்தத் தாயின் உள்ளம் எளிதில் விளங்கும்.

எனினும் மறைக்காமல் சொல்லவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் மோகன்தாஸ் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டார். ஆங்கிலேயர் வலிமைக்குப் புலாலே காரணம் என்று அந்நண்பன் சொன்னதை அவர் நம்பினார். ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை இது நிகழ்ந்தது. வீட்டில் உணவு வேண்டாமைக்குப் பொய்க் காரணம் சொல்ல நேர்ந்த ஒவ்வொரு முறையும் அவர் நெஞ்சம் சுட்டது. பெற்றோரை ஏமாற்றுவது புலால் உண்ணாமையினும் கொடிது என்று உணர்ந்து அதனைக் கைவிட்டார். ஆனால் அப்போது அவர் செய்துகொண்ட முடிவு கவனிக்கத்தக்கது. பெற்றோர் வாழும்வரை உண்பதில்லை. அவர்கள் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்ணலாம் என்பதே அம்முடிவு. புலால் உணவில் குற்றம் உண்டு என்னும் தெளிவு அவருக்கு அன்று வரவில்லை. இதனை நாம் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பயணத்தின் வித்து

தந்தையார் 1885 ஆம் ஆண்டு மறைந்தார். 1887 ஆம் ஆண்டு மோகன்தாஸ் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்று, மறு ஆண்டுத் தொடக்கத்தில் பவநகரில் உள்ள சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. முதற் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்.

அவ்வேளையில் குடும்ப நண்பரும் அந்தணருமான மாவ்ஜி தவே என்பவர் வீட்டிற்கு வந்தார். பி.ஏ. பட்டம் பெற இன்னும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பெற்றாலும் அறுபது ரூபாய்ச் சம்பளமே கிடைக்கும். தந்தையின் திவான் பதவி கிட்டாது. இங்கிலாந்து சென்றால் மூன்றே ஆண்டுகளில் பாரிஸ்டர் ஆகலாம். நான்கைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகாது. இவ்வாறு அவர் கணக்குக் காட்டினார். மருத்துவம் பயிலலாமா என்று மோகன்தாஸ் கேட்டார். பிணத்தை அறுக்கும் தொழில் வைணவர்க்கு ஆகாது என்று தந்தையார் கருதியிருந்ததை மூத்த தமையனார் லட்சுமிதாஸ் நினைவூட்டினார். ஆகவே சட்டக் கல்வியே உறுதியாயிற்று.

பணத்திற்கு என்ன செய்வது? போர்பந்தர் அரசின் உதவியை நாடலாம் என்றும், சிறிய தந்தையாரின் இசைவையும் பெற்று வரலாம் என்றும் முடிவாயிற்று. ராஜ்கோட்டுக்கும் போர்பந்தருக்கும் இடையே அந்நாளில் புகைவண்டி இல்லை. மாட்டுவண்டியில் ஐந்து நாள் பயணம். இருட்டில் தனியே செல்லவும் அஞ்சிய இளைஞர், இங்கிலாந்து ஆசையால் அச்சம் நீங்கப் பெற்றார். தோராஜி வரை மாட்டுவண்டியில் சென்று, ஒரு நாள் முன்னதாகச் சேரலாம் என்று கருதி அங்கிருந்து ஒட்டகத்தில் ஏறினார். அதுவே அவருடைய முதல் ஒட்டகப் பயணம்.

சிறிய தந்தையார் மறுக்கவும் இல்லை. முழுமனத்தோடு இசையவும் இல்லை. பாரிஸ்டர்களாகத் திரும்பியவர்கள் உணவில் கட்டுப்பாடின்றி, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், வெட்கமின்றி ஆங்கிலேயர் உடை தரித்துத் திரிவதைத் தாம் கண்டதாகச் சொன்னார். தீர்த்த யாத்திரைக்குப் புறப்படும் முதுமையில் கடல் கடக்க இசைவு தர மனம் ஒப்பவில்லை என்றார். முடிவில், தாய் இசைந்தால் தாம் குறுக்கே நிற்பதில்லை என்று வாழ்த்தி அனுப்பினார். போர்பந்தர் நிர்வாகியாகிய லீலி என்னும் ஆங்கிலேயரைக் காண மோகன்தாஸ் பேச வேண்டிய சொற்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்து சென்றார். அவரோ மாடிப்படி ஏறியவாறே, முதலில் பட்டம் பெற்று வா, இப்போது உதவி எதுவும் கிடைக்காது என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மனைவி கஸ்தூரிபாயின் நகைகளை விற்றால் இரண்டு மூவாயிரம் ரூபாய் தேறும் என்னும் எண்ணமும் மோகன்தாஸுக்கு எழுந்தது. கடைசியில் தமையனார் எப்பாடு பட்டேனும் பணம் திரட்டித் தருவதாக வாக்களித்தார். பொருட்சிக்கல் ஒருவாறு தீர்ந்தது. ஆயின் அதனினும் பெரிய தடை வீட்டிற்குள்ளேயே இருந்தது.

அன்னையின் அச்சமும் முனிவரின் தீர்வும்

புத்லிபாய் அம்மையார் எழுத்தறிவு மிகுந்தவர் அல்லர்; எனினும் உலகறிவு மிக்கவர். இங்கிலாந்தைப் பற்றி அவர் பலரிடமும் கேட்டறியலானார். இளைஞர் அங்கே சென்று கெட்டுப் போகின்றனர் என்றார் ஒருவர்; புலால் உண்ணப் பழகுகின்றனர் என்றார் இன்னொருவர்; மதுவின்றி அங்கே வாழவே இயலாது என்றார் வேறொருவர். இவற்றிற்கெல்லாம் என்ன விடை என்று அன்னை மகனைக் கேட்டார். அவற்றைத் தீண்டுவதில்லை என்று மகன் உறுதி கூறினார். மகனை நம்பினாலும் தொலைதூர நாட்டில் தனித்து நிற்கும் இளைஞனின் உறுதியை எப்படி நம்புவது என்று அத்தாயின் உள்ளம் அலைந்தது. இறுதியில் பேசர்ஜி சுவாமிகளைக் கேட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்.

பேசர்ஜி சுவாமிகள் காந்தியடிகளின் குலமாகிய மோத் வணிகர் குலத்தில் பிறந்து, பின்னர் சமணத் துறவு மேற்கொண்டவர். மாவ்ஜி தவேயைப் போலவே இக்குடும்பத்திற்கு நல்லுரை கூறி வந்தவர். அன்னையின் கவலையைக் கேட்ட சுவாமிகள், பிள்ளைக்கு மூன்று விரதங்களை முறைப்படி வழங்குவதாகவும், அவற்றை ஏற்றபின் அவனை அனுப்பலாம் என்றும் கூறினார். மதுவைத் தீண்டாமை, பெண்ணைத் தீண்டாமை, புலாலைத் தீண்டாமை என்பனவே அம்மூன்று விரதங்கள். மோகன்தாஸ் முனிவர் முன்னிலையில் அவற்றை ஏற்றார். அன்னை இசைவு தந்தார்.

இந்நிகழ்ச்சியில் சமண நெறியின் இயல்பு விளங்குவதைச் சற்றே நின்று காண்போம். கடல் கடப்பதே பாவம் என்று அஞ்சிய காலம் அது. முனிவர் கடலைப் பற்றிக் கவலைப்பட்டாரில்லை. கரையேறியபின் எப்படி நடப்பான் என்பதையே எண்ணினார். கட்டளையாகவோ சாபமாகவோ அச்சுறுத்தாமல், செல்பவன் தானே மனமொப்பி ஏற்கும் விரதமாக அதனை அமைத்தார். மது நீக்கமும் புலால் நீக்கமும் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களில் அடங்குவன என்பதும், மனைவியன்றிப் பிற மகளிரை நாடாமை அணுவிரதங்களுள் ஒன்று என்பதும் நாம் அறிந்தவையே. இல்லறத்தான் ஒருவன் தாங்கக்கூடிய அளவிற்கு மட்டுமே அவர் பாரம் ஏற்றினார்.

விடைபெறுதல்

பயணச் செய்தி ஊரில் பரவிற்று. அவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் ஜூலை 4 ஆம் நாள் பிரிவுபசாரம் நிகழ்ந்தது. நன்றி கூற ஒரு சில வரிகளை எழுதிக்கொண்டு போயிருந்தார். எழுந்து நின்றதும் தலை சுழன்றது. உடல் முழுவதும் நடுங்கிற்று. திக்கித் திணறி வாசித்து முடித்தார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் முன் பேசியவரின் தொடக்கம் இதுவே.

ஆகஸ்ட் 10 ஆம் நாள் ராஜ்கோட்டை விட்டுப் புறப்பட்டார். நண்பர்கள் பலர் சூழ்ந்திருந்தனர். அன்னை கைகளால் கண்களை மறைத்துக் கொண்டார். எனினும் விம்மல் ஒலி வெளியே கேட்டது. பிறர் முன்னிலையில் மனைவியோடு பேசுவது அக்கால வழக்கமன்று. ஆகவே தனியறைக்குச் சென்று விடைபெற்றார். கஸ்தூரிபாய் அதற்கு முன்பே அழத் தொடங்கியிருந்தார். கணவர் ஒரு கணம் சிலைபோல் வாய் திறவாது நின்றார். போகவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதையும் கடந்து வெளியேற வேண்டியதாயிற்று. கையில் சில மாதக் குழந்தை ஹரிலால். அன்னையைத் தாம் காண்பது அதுவே கடைசி முறை என்பதை மோகன்தாஸ் அறிந்திருக்கவில்லை.

பம்பாயில் தடை

பம்பாய் சேர்ந்ததும் வேறொரு தடை எழுந்தது. அது கடல் கொந்தளிக்கும் பருவம் என்றும், முதற் பயணமாதலால் நவம்பர் வரை பொறுப்பதே நலம் என்றும் நண்பர்கள் தமையனாரிடம் கூறினர். அண்மையில் ஒரு கப்பல் புயலில் மூழ்கியதாக ஒருவர் சொல்லவே தமையனாரும் கலங்கினார். தம்பியை நண்பர் ஒருவர் இல்லத்தில் விட்டு, பயணப் பணத்தை மைத்துனரிடம் ஒப்படைத்து, ஊருக்குத் திரும்பினார். புறப்பட்டு நின்ற இளைஞருக்குப் பம்பாயில் நாட்கள் நகர மறுத்தன.

அதற்குள் மோத் வணிகர் குலத்தார் கொதித்தெழுந்தனர். அக்குலத்தில் அதுவரை எவரும் இங்கிலாந்து சென்றதில்லை. குலக்கூட்டம் கூட்டி அவரை வரவழைத்தனர். தலைவரான சேட் அவர்க்குத் தூரத்து உறவினர். தந்தையாரோடு நன்கு பழகியவர். கடற்பயணம் நம் சமயத்திற்கு ஆகாது, அங்கே அறம் கெடாமல் வாழ இயலாது என்று அவர் கூறினார். பள்ளியில் நான்கு வரி வாசிக்க நடுங்கிய அதே இளைஞர், இங்கே நடுங்கவில்லை. தாயின் முன் மூன்று விரதங்களை ஏற்றிருப்பதாகவும், அவை தம்மைக் காக்கும் என்றும், இதில் குலம் தலையிடலாகாது என்றும் தெளிவாக விடையிறுத்தார். சேட் சினந்து அவரைக் குலத்திலிருந்து விலக்கினார். அவருக்கு உதவுவோருக்கும், துறைமுகம் சென்று வழியனுப்புவோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா அபராதம் என்று ஆணை பிறந்தது.

அச்சம் மிகுந்த ஒருவருக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது? விரதம் ஏற்றவனுக்குத் தன் நிலை இன்னது என்று தெரிந்துவிடுகிறது. பிறகு பிறர் சினத்திற்கு அவன் கலங்குவதில்லை. விரதத்தின் முதற்பயனை அவர் கப்பல் ஏறுமுன்பே பெற்றார் என்று கொள்வதில் பிழையில்லை.

கடைசி நாட்கள்

தமையனார் இவ்வாணையைப் பொருட்படுத்தாது, செல்ல இசைந்து கடிதம் எழுதினார். அந்நேரத்தில் ஜுனாகத் வழக்கறிஞர் ஒருவர் செப்டம்பர் 4 ஆம் நாள் புறப்படும் கப்பலில் இங்கிலாந்து செல்கிறார் என்னும் செய்தி கிடைத்தது. இத்தகைய துணை மீண்டும் வாய்க்காது என்று நண்பர்கள் ஊக்கினர். இருந்த நாட்களோ மிகச் சில.

மைத்துனரிடம் பணத்தைக் கேட்டார். குலக்கட்டளையை மீறித் தாம் விலக்கப்பட ஒருப்படேன் என்று அவர் கைவிரித்தார். பெட்டி கட்டும் வேளையில் பணம் இல்லை! குடும்ப நண்பர் ஒருவரை அணுகி, கப்பல் கட்டணத்தையும் சில்லறைச் செலவையும் தந்து பின்னர்த் தமையனாரிடம் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். அவர் தட்டாமல் உதவியதோடு ஊக்கமும் அளித்தார். அத்தொகையின் ஒரு பகுதியில் உடனே பயணச்சீட்டு வாங்கப்பெற்றது.

அடுத்து உடைகள். இத்தகைய பயணத்தில் அனுபவமுடைய வேறொரு நண்பர் அவற்றைச் சித்தம் செய்தார். சில பிடித்தன, சில அறவே பிடிக்கவில்லை. பின்னாளில் ஆசையோடு அணிந்த கழுத்துப்பட்டை அன்று அவருக்கு வெறுப்பையே தந்தது. குட்டைச் சட்டை நாணமற்ற உடையாகத் தோன்றிற்று. ஆயினும் போகும் ஆசையின் முன் இவ்வெறுப்பு நிற்கவில்லை. மூன்று வாரங்களுக்குப் போதுமான இனிப்புகளும் பழங்களும் கட்டப்பெற்றன. கரையிறங்கும் நாளில் அணிவதற்கென்றே வெள்ளைக் கம்பளி உடை ஒன்று தனியே எடுத்து வைக்கப்பெற்றது. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, தல்பத்ராம் சுக்லா, இளவரசர் ரஞ்சித்சிங்ஜி, தாதாபாய் நௌரோஜி ஆகியோர்க்கு நான்கு அறிமுகக் கடிதங்களும் கையில் இருந்தன. ஜுனாகத் வழக்கறிஞராகிய திரியம்பக்ராய் மஜும்தார் தங்கும் அறையிலேயே நண்பர்கள் இடம் ஏற்பாடு செய்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுமாறு அவரிடம் ஒப்படைத்தனர்.

1888 ஆம் ஆண்டு செப்டம்பர் 4 ஆம் நாள் கப்பல் பம்பாயை விட்டு நகர்ந்தது. மோகன்தாஸுக்குப் பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

தீர்ந்தவையும் தீராததும்

கட்டிக்கொண்டு சென்ற பொருள்கள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கின. கப்பலில் கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கத் தெரியவில்லை. எந்த உணவில் புலால் இல்லை என்று கேட்க நாணம். ஆகவே உணவுக்கூடத்திற்குச் செல்லாமல், கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையுமே பெரும்பாலும் உண்டு காலம் கழித்தார். அன்புடைய ஆங்கிலப் பயணி ஒருவர், பிஸ்கே விரிகுடாவைக் கடந்தபின் குளிர் மிகுமாதலால் புலாலின்றி உயிர் வாழ முடியாது என்று அறிவுரை கூறினார். அன்னைக்குத் தந்த வாக்கை மோகன்தாஸ் எடுத்துரைத்தார். வாழ இயலாதெனில் ஊர் திரும்புவேனேயன்றி உண்ணேன் என்றார். தாம் புலால் உண்ணவில்லை என்று பயணிகள் சிலரிடம் சான்றிதழும் பெற்றுக்கொண்டார். புலால் உண்பவரும் அத்தகைய சான்றிதழைப் பெற முடியும் என்று பின்னர் அறிந்ததும் அதன் மீது இருந்த மதிப்பு அகன்றது. தம் சொல்லையே நம்பாதவரிடம் காகிதத்தைக் காட்டி என்ன பயன்?

செப்டம்பர் இறுதியில் கரையிறங்கினார். வெள்ளை உடையில் இறங்கியவர் அவர் ஒருவரே. மற்றவரெல்லாம் கரிய உடையில் இருந்தனர். அன்று சனிக்கிழமை. பெட்டிகள் முகவர் வசம் போய்விட்டமையால் திங்கள்வரை மாற்றுடைக்கும் வழியில்லை. அந்த வெள்ளை உடையோடு நாணி ஒடுங்கி இருந்தார். அன்றிரவு காண வந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியை ஆவலோடு எடுத்து, எதிர்ப்புறமாகத் தடவிக் கலைத்துவிட்டு, பிறர் பொருளைத் தொடலாகாது என்னும் ஐரோப்பிய நாகரிகத்தின் முதற் பாடத்தையும் பெற்றார்.

உடையை மாற்றிக்கொள்ளலாம், நாகரிகத்தைக் கற்றுக்கொள்ளலாம். வயிற்றை என் செய்வது? உப்பும் சுவையும் அற்ற அவித்த காய்கறிகளும், இரண்டு மூன்று துண்டு ரொட்டியுமே கிடைத்தன. மேலும் கேட்க நாணம். இரவுகளில் தாயை எண்ணிக் கண்ணீர் வடித்தார். நண்பர் ஒருவர் நாள்தோறும் வாதாடினார். எழுத்தறியாத் தாயிடம், இங்குள்ள நிலை அறியாது செய்த சத்தியத்திற்கு மதிப்பில்லை என்றார். பெந்தாம் எழுதிய நூலைப் படித்துக் காட்டினார். வாதத்தில் தம்மால் வெல்ல இயலாது என்றும், எனினும் விரதம் விரதமே என்றும் கூறி மோகன்தாஸ் அமைந்தார்.

சில காலம் சென்றபின் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டார். இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அங்கேதான். வாயிலருகே விற்பனைக்கு வைத்திருந்த, மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கி முற்றும் படித்தார். அதுவரை வாக்கிற்காக மட்டுமே விலக்கியதை, அன்றுமுதல் அறிந்து தெளிந்து விலக்கினார். 1890 ஆம் ஆண்டு இலண்டன் மரக்கறியாளர் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம் பெற்றார்.

பின்னர் அவர் முட்டையை ஆராய்ந்த முறை நம் இளைஞர் சிந்திக்கத்தக்கது. புலால் என்பதற்கு அங்கே மூன்று பொருள் கூறினர். விலங்கு, பறவை இவற்றின் ஊன் மட்டுமே புலால் என்றனர் சிலர். எல்லா உயிர்களின் ஊனும் புலால். முட்டை அன்று என்றனர் வேறு சிலர். முட்டை, பால் உட்பட உயிர்களிடமிருந்து பெறும் அனைத்தும் புலாலே என்றனர் மற்றும் சிலர். முதலிரு பொருளையும் கொண்டால் முட்டை உண்ணலாம். சிறிது காலம் உண்டும் பார்த்தார். பின்னர், விரதம் தந்தவர் அச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருந்தாரோ அதுவே பொருள் என்று தெளிந்தார். அன்னையின் கருத்தில் முட்டையும் புலாலே. உடனே அதனையும், அது கலந்த பண்டங்களையும் விடுத்தார். தனக்கு எளிதாகும் பொருளைத் தேடிச் சொல்லை வளைப்பது விரதத்தை முறிப்பதே ஆகும் என்பது அவர் கண்ட உண்மை.

ஆடம்பரமும் சில மாதம் அவரைப் பற்றியது. உயர்ந்த தையற்காரரிடம் பத்து பவுனுக்கு உடை, தமையனாரிடம் கேட்டுப் பெற்ற தங்கச் சங்கிலி, நடனப் பயிற்சி, வயலின் என்று செலவிட்டார். பம்பாயில் வெறுத்த கழுத்துப்பட்டையைச் சரிசெய்ய நாள்தோறும் கண்ணாடி முன் பத்து நிமிடம் நின்றார். பின்னர் இம்மயக்கம் நீங்கி, செலவைக் கணக்கிட்டு, நெடுந்தொலைவு நடந்து, தாமே சமைத்து வாழத் தலைப்பட்டார். போர்ட்ஸ்மத் நகரில் தங்கிய ஓர் இரவில் மற்றொரு விரதமும் முறியும் எல்லைக்கு வந்தது. உடனிருந்த நண்பரின் எச்சரிக்கையும் தாய்க்குத் தந்த வாக்கின் நினைவும் அவரை மீட்டன. விரதம் ஏற்றவன் தடுமாறுவதே இல்லை என்பதன்று. தடுமாறும் வேளையில் பற்றிக்கொள்ள அவனுக்கு ஒரு கொம்பு இருக்கிறது.

மீட்சி

1891 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள் பாரிஸ்டராக அழைக்கப்பெற்று, 12 ஆம் நாளே தாயகம் நோக்கிக் கப்பல் ஏறினார். மூன்று விரதங்களையும் காத்து வந்தேன் என்று அன்னையின் அடிபணிந்து சொல்லும் நேரத்தை எண்ணியே அவர் வந்திருக்க வேண்டும். பம்பாய்த் துறையில் தமையனார் காத்திருந்தார். அன்னை இவ்வுலகில் இல்லை என்னும் செய்தியை அப்போதுதான் சொன்னார். மகன் இங்கிலாந்தில் இருக்கும்போதே அவர் மறைந்துவிட்டார். அயல்நாட்டில் தனித்திருக்கும் தம்பி தாங்கமாட்டான் என்று அதனை மறைத்து வைத்திருந்தனர். தந்தையார் மறைவினும் இத்துயர் பெரிதாக இருந்தபோதிலும், கண்ணீரையும் அடக்கிக் கடமையில் நின்றார்.

இங்கே நாம் முன்பு குறித்து வைத்த செய்தியை நினைவு கூர்வோம். பெற்றோர் காலத்திற்குப் பின் வெளிப்படையாகப் புலால் உண்ணலாம் என்று முடிவு செய்திருந்த இளைஞர் அவர். இப்போது தந்தையும் இல்லை, தாயும் இல்லை, கேட்பார் எவரும் இல்லை. ஆனால் அந்த ஆசை எங்கோ மறைந்துவிட்டது. தாயின் பொருட்டு ஏற்ற விரதம், தாய் மறைந்த பின்னும் தானே நின்றது. குறித்த காலத்திற்கு ஏற்பது நியமம், ஆயுள் முழுவதற்கும் ஏற்பது யமம் என்று சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டகம் வகுத்துரைக்கின்றது. அயல்நாட்டு வாழ்வின் பொருட்டு நியமம்போல் தொடங்கியது, அவர் உள்ளத்தில் யமமாக முதிர்ந்தது.

பம்பாயில் அவர் தங்கியது டாக்டர் மேத்தாவின் இல்லத்தில். மேத்தாவின் தமையனார் மருமகனும், மணி வணிகரும், நூறு செய்திகளை ஒருங்கே நினைவில் நிறுத்தும் சதாவதானியுமாகிய ஸ்ரீமத் ராஜ்சந்திரரை அங்கே சந்தித்தார். வணிகத்தின் நடுவிலும் ஆன்ம நாட்டம் குன்றாத அச்சமணப் பெரியார், காந்தியடிகளினும் ஏறத்தாழ இரண்டு வயதே மூத்தவர். பின்னர் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் எழுந்தபோது, காந்தியடிகள் கடிதம் எழுதித் தெளிவு நாடியது இவரிடமே. தம் வாழ்வில் ஆழப் பதிந்த மூவருள் டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோருடன் இவரையும் அடிகள் குறித்துள்ளார். ஒரு சமண முனிவரின் விரதத்தோடு கடல் கடந்தவரை, மீண்டு வந்த நாளில் ஒரு சமண இல்லறத்தார் எதிர்கொண்டது எண்ணி மகிழத்தக்கது.

நாம் கொள்ள வேண்டுவது

அன்று கட்டிய இனிப்பு கப்பலிலேயே தீர்ந்தது. வெள்ளை உடை முதல் நாளே நாணச் செய்தது. சான்றிதழ் மதிப்பிழந்தது. அறிமுகக் கடிதங்கள் நண்பர்களைத் தந்தன. அந்நண்பர்களும் சில வேளை உறுதியைக் குலைக்கவே முயன்றனர். எடையில்லாமல், பெட்டியில் இடம் பிடிக்காமல் சென்ற மூன்று விரதங்களே போன காரியத்திற்கும் அதன் பின்னைய வாழ்வு முழுவதற்கும் துணை நின்றன.

நம் பிள்ளைகள் புறப்படும்போது பெட்டியைக் கவனமாகக் கட்டுவோம், அதில் குறையில்லை. ஆயினும் புறப்படுமுன் ஒரு நாள் ஒதுக்கி, ஜினாலயம் சென்று, அறவோர் இருப்பின் அவர்கள் முன்னிலையில், இல்லையேல் பெற்றோர் முன்னிலையில், தாங்கக்கூடிய ஓரிரு விரதங்களைப் பிள்ளைகள் தாமே விரும்பி ஏற்குமாறு செய்வோம். அச்சுறுத்தி ஏற்றும் விரதம் கரை கடவாது. விளங்காமல் ஏற்பினும் உண்மையோடு ஏற்பின், விளக்கம் பின்னே வந்து சேரும். பேசர்ஜி சுவாமிகளின் பெயர் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒரு தாயின் கவலையைக் கேட்டு, ஓர் இளைஞனுக்கு அவன் தாங்கும் அளவில் நெறி வகுத்துத் தந்த அப்பெரியாரை நாம் நன்றியோடு நினைப்போமாக.